டிராக்டர் டயரின் பட்டனில் வெட்டு: ஒட்டுவதா, செதுக்குவதா, அப்படியே விடுவதா?

டிராக்டரின் பின் டயரில் இரண்டு மூன்று பட்டன்களை, அதாவது மண்ணைப் பிடிக்க எழும்பி நிற்கும் ரப்பர் கட்டைகளை, கூரிய கல் வெட்டியிருக்கிறது, அவற்றுள் ஒன்றில் கட்டைவிரல் அளவுள்ள ரப்பர் துண்டு பாதி பிய்ந்து தொங்குகிறது, பட்டன்களின் அடியில் மெல்லிய வெடிப்புகளும் தெரிகின்றன, காற்று இறங்கவில்லை. இதை நானே பசை போட்டு ஒட்டிவிடலாமா, ரப்பரை வேகவைத்து ஒட்டும் வல்கனைசிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பசையைப் பற்றியதாக அமைந்திருந்தாலும், இந்தச் சேதம் இவ்வளவோடு நிற்குமா, உள்ளே போகுமா என்பதையே நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். டயர் பழுதுபார்க்கும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெட்டு பட்டனுக்குள்ளேயே நின்றிருந்தால் ஒட்டத் தேவையில்லை, தொங்கும் துண்டை அறுத்து விளிம்பைச் சாய்வாகச் செதுக்கிவிட்டாலே போதும். வெட்டு ரப்பருக்கு அடியில் பதிந்துள்ள நூல்வரை இறங்கியிருந்தால் வீட்டில் செய்யக்கூடிய வேலை எதுவும் அதற்குப் போதாது. இந்த இரண்டில் உங்களுடையது எது என்பதைத் தொலைவிலிருந்து என்னால் தீர்மானிக்க முடியாது; நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியைச் சொல்ல முடியும்.

டயரில் எடையைத் தாங்கும் பகுதி வேறு, மண்ணைப் பிடிக்கும் பகுதி வேறு. உள்ளே, நைலான் முதலிய நூல்களை ரப்பரில் பதித்து அடுக்கடுக்காக அமைத்த உடல் இருக்கிறது. காற்றின் அழுத்தத்தை அடக்கி வைத்து வண்டியின் எடையைச் சுமப்பது அந்த உடல்தான். பழைய முறையிலான குறுக்கு நூல் டயரில் இந்த அடுக்குகள் ஒன்றுக்கொன்று சாய்வாகக் குறுக்கே ஓடுகின்றன. ரேடியல் டயரில் உடல் நூல்கள் ஒரு ரிம் விளிம்பிலிருந்து மற்றொன்றுக்கு நேராகச் செல்ல, அவற்றின் மேல் பட்டனுக்கு அடியில் மட்டும் பட்டைபோல் தனி அடுக்குகள் சுற்றிவருகின்றன. இவற்றுக்கு மேலே சில மில்லிமீட்டர் தடிமனில் ஓர் அடி ரப்பர், அதன்மேல் எழும்பி நிற்கும் பட்டன்கள். பட்டனுக்குள் நூல் எதுவும் இல்லை. அது முழுக்க ரப்பர். ஆகவே பட்டனின் மூலையில் ஒரு துண்டு போனால் டயரின் வலிமையில் எதுவும் குறைவதில்லை, மண்ணைப் பிடிக்கும் பரப்பில் சிறிது குறைகிறது, அவ்வளவே. அதே அளவுள்ள வெட்டு இரண்டு பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் விழுந்திருந்தால் கதை வேறு, ஏனெனில் அங்கே நூலுக்கு மேல் இருப்பது அந்த மெல்லிய அடி ரப்பர் மட்டுமே. வெட்டு எவ்வளவு நீளம் என்று அளப்பதற்கு முன்பு அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பார்க்கும் முறைக்கு வருகிறேன். டயரைத் தண்ணீரும் பிரஷும் கொண்டு மண் போகக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றித் துடைக்க வேண்டாம். அவை ரப்பரை உப்பச் செய்வதோடு, வெடிப்பைத் தடுப்பதற்காக ரப்பரில் சேர்க்கப்பட்டு மெல்ல மேற்பரப்புக்கு வந்து படியும் மெழுகையும் அகற்றிவிடுகின்றன. பிறகு முனை மழுங்கிய கம்பி ஒன்றை வெட்டுக்குள் மெதுவாக விட்டு ஆழத்தைத் தேடுங்கள். கூரான முனை வேண்டாம், அது தானே புது ஓட்டை போட்டுவிடும். கம்பி பட்டனின் உயரத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் நிம்மதி கொள்ளலாம். பள்ளத்தின் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் வெட்டின் இரு உதடுகளையும் விரித்து, டார்ச் வெளிச்சத்தில் அடியைப் பாருங்கள். சீரான கறுப்பு ரப்பர் மட்டும் தெரிகிறதா, நூலின் வரிகளோ டயருக்குள் பதித்த எஃகுக் கம்பியோ தெரிகின்றனவா என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. நூல் மேற்பரப்பு உரசியிருந்தாலே பஞ்சுபோன்ற இழைகள் தெரியும். அறுந்திருந்தால் முனைகள் பிரிந்து நிற்கும். சிக்கிக் கிடக்கும் கல், ஆணி, முள், அறுவடைக்குப் பின் நிற்கும் அடித்தட்டையின் சிம்பு எதுவாயினும் இப்போதே எடுத்துவிடுங்கள். ஆனால் ஆழமாகச் செருகிய ஆணியைப் பிடுங்கும்போது காற்று இறங்கக்கூடும் என்பதை எதிர்பார்த்து, வண்டியை ஜாக்கியில் ஏற்றும் வசதியுள்ள இடத்தில் நின்றபடியே அதைச் செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சேதமும் உண்டு. வெட்டைச் சுற்றி வழக்கமான அழுத்தத்தில் டயர் சிறிதளவேனும் வீங்கித் தெரிந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது நூல் அறுந்திருக்கலாம். சிறிய சுத்தியலால் சுற்றிலும் தட்டி, ஓரிடத்தில் மட்டும் ஒலி மந்தமாக வருகிறதா என்று கேட்பது பழைய வழக்கம். அனுபவமுள்ள காதுக்கு அது உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி டயர் நல்லது என்று நான் உறுதி சொல்லமாட்டேன். டயரைக் கழற்றி உட்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பதே உறுதியான சோதனை. வெளியே சிறு கீறலாகத் தெரியும் இடத்துக்கு நேர் உள்ளே நூல் நட்சத்திர வடிவில் விரிந்து அறுந்திருப்பதைக் கல் அடி வாங்கிய டயர்களில் காணலாம். டியூப் உள்ள டயரில் காற்று இறங்கவில்லை என்பது இந்த விஷயத்தில் எந்தச் சான்றும் ஆகாது. உடல் முழுதாகக் கிழிந்தாலும், டியூப் அந்த இடத்தில் கடிபடும்வரை காற்று நிற்கும்.

வெட்டு பட்டனோடு நின்றுவிட்டது என்று தெரிந்தபின், செதுக்குவது ஏன் ஒட்டுவதைவிட நல்லது என்பதைப் பார்ப்போம். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒவ்வொரு பட்டனும் ஒருமுறை தரையில் ஊன்றி, பின்னோக்கி வளைந்து, மறுபடி நிமிர்கிறது. அந்த வளைவில் எழும் இழுவிசை முழுவதும் வெட்டின் கூரான அடிநுனியில் குவிகிறது. புதுத் துணியில் கத்தரிக்கோல் பட்ட இடம் அதன்பின் கைவிசைக்கே கிழிந்துகொண்டு போவதைப் போல, ரப்பரும் அந்த நுனியிலிருந்தே மேலும் கிழிகிறது. தொங்கும் துண்டு இருந்தால் அது நெம்புகோலாகி இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. வாய் குறுகி உள்ளே அகன்ற வெட்டாக இருந்தால் கல் புகுந்து வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டு, வண்டியின் எடையால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக நூலை நோக்கி இறங்குகிறது. கூரான அடிநுனியை வட்டமாக்கி, வாயை அடியைவிட அகலமாக்கிவிட்டால் இந்த மூன்று தொல்லைகளும் ஒருங்கே தீர்கின்றன. ரப்பர் சிறிது போகும். அது எப்படியும் அடுத்த சில நாள் உழவில் போகவிருந்த ரப்பர்தான்.

செய்முறை எளிது, பொறுமை மட்டும் வேண்டும். வளைந்த அலகுடைய, நன்றாகத் தீட்டிய கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அலகைச் சோப்புத் தண்ணீரில் அடிக்கடி நனைத்துக்கொண்டால் ரப்பரில் பிடிக்காமல் வழுக்கி ஓடும். உலர்ந்த கத்தி சட்டென நின்று சட்டெனப் பாயும், கை அறுபடுவது அந்தக் கணத்தில்தான். கையுறை அணிந்து, அலகு உடம்பை நோக்கி வராதபடி வெட்டுங்கள். முதலில் தொங்கும் துண்டை அதன் வேரில் அறுத்தெடுங்கள். பிறகு வெட்டின் இரு பக்கங்களையும் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் செதுக்கி, அடிநுனியைக் கிண்ணத்தின் அடிபோல வட்டமாக்குங்கள். ஏற்கெனவே உள்ள ஆழத்தைவிடக் கீழே போக வேண்டாம். நூலுக்கு மேல் இருக்கும் அடி ரப்பரை ஒருபோதும் தொட வேண்டாம். கடைசியாகச் சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்து, கத்தி விட்டுச்சென்ற கூரான விளிம்புகளை நீக்கிவிடுங்கள், அவையும் புது வெடிப்புக்கு வாய்ப்பு தருவன. சிலர் எதிர்ப் பக்கத்துப் பட்டனையும் சமச்சீருக்காக அதே அளவு வெட்டிவிடுகிறார்கள். அது தேவையற்ற வேலை. டிராக்டர் ஓடும் வேகத்தில் கட்டைவிரல் அளவு ரப்பர் குறைவதால் சக்கரத்தின் சமநிலை உணரும்படி மாறாது.

இனிப் பசை. உடனடியாக ஒட்டும் கண்ணாடிபோன்ற பசைகள் காய்ந்ததும் இறுகி உடையும் தன்மை கொண்டவை. ரப்பர் தன் நீளத்தைப் போலச் சில மடங்கு நீளக்கூடியது. இரண்டையும் சேர்த்து வளைத்தால் எது முதலில் விட்டுப்போகும் என்பதில் ஐயமில்லை. சிலிக்கோன் வகை நிரப்பிகள் வளையும், ஆனால் டயர் ரப்பரில் உறுதியாகப் பிடிப்பதில்லை. பஞ்சர் ஒட்டப் பயன்படும் ரப்பர் சொல்யூஷன் டயருக்கு ஏற்றதுதான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அது மெல்லிய படலமாகப் பூசி, கரைப்பான் முழுதும் ஆவியாகி, விரல் பட்டால் சற்றே ஒட்டும் பதம் வந்தபின் இரு பரப்புகளையும் அழுத்திச் சேர்ப்பதற்காக உருவாக்கப்பட்டது. பள்ளத்தை நிரப்பும் பொருளாக அதைக் கெட்டியாக ஊற்றினால் மேலே தோல் கட்டி, உள்ளே கரைப்பான் அடைபட்டுக் குமிழியாகி, சில நாள்களில் முழுதாகக் கழன்று வரும். பாலியூரித்தேன் வகை நிரப்பிகளைப் பற்றி என் கருத்து நடுநிலையானது. நன்றாகச் சுரண்டிய பரப்பில், வேகம் குறைந்த பண்ணை டயரில், மேலோட்டமான வெட்டுக்குள் தூசியும் தண்ணீரும் போகாமல் காக்க அவை சில காலம் உதவக்கூடும். பட்டனின் வலிமையை மீட்டுத்தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

புதிய ரப்பர் பழைய ரப்பரோடு ஏன் எளிதில் கலப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் வல்கனைசிங் எதற்கு என்பது விளங்கும். பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் கந்தகப் பாலங்களால் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்து 1844-இல் காப்புரிமை பெற்ற வழிமுறை இது. ஒருமுறை இப்படிப் பிணைந்த ரப்பர் மறுபடி உருகாது, கரையாது. எனவே பட்டனின் உடைந்த இரு முகங்களை வெறும் சூட்டினால் உருக்கிச் சேர்த்துவிட முடியாது. பழைய பரப்பைச் சுரண்டிப் புது முகம் காட்டச் செய்து, சொல்யூஷன் பூசி, வேகாத ரப்பரை அடைத்து, அழுத்தத்தோடு சூடு கொடுத்து, அந்தப் புது ரப்பர் வேகும்போதே பழையதோடும் பிணையச் செய்ய வேண்டும். வழக்கமான சூடு ஏறக்குறைய 140 முதல் 150 டிகிரி செல்சியஸ். நேரம் நிரப்பின் தடிமனைப் பொறுத்தது, ஏனென்றால் ரப்பர் வெப்பத்தை மிக மெதுவாகவே உள்ளே கடத்துகிறது. நேரம் குறைந்தால் மேற்பரப்பு வெந்து நடுப்பகுதி பஞ்சுபோலத் துளைகளோடு நிற்கும். கூடினால் இயற்கை ரப்பர் தன் பிணைப்புகளை இழந்து மறுபடி பிசுபிசுப்பாகத் தொடங்கும், சுற்றியுள்ள நல்ல ரப்பரும் கெடும். குளிர்முறை என்று சொல்லப்படுவதிலும் இதே பிணைப்புதான் நிகழ்கிறது. வேகத்தைத் தூண்டும் வேதிப்பொருள் சொல்யூஷனிலும் பேட்சின் அடிப்படலத்திலும் இருப்பதால் அறை வெப்பத்திலேயே வேலை நடக்கிறது, ஆனால் மெதுவாக. ஆகவே ஒரு நாளாவது ஓய்வு கொடுத்தபின் வண்டியைச் சுமையில் இறக்குவது நல்லது.

பட்டனில் சூட்டு முறை நிரப்பல் செய்துகொள்வதென்று முடிவெடுத்தால், கடைக்காரர் வேலை செய்யும்போது அருகில் நின்று சில விஷயங்களைக் கவனிக்கலாம். சுரண்டும் கருவி மெதுவாகச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்குள் இருக்கும் கருவியே இதற்கு ஏற்றது. இரும்பு அறுக்கும் கிரைண்டர் அதைவிட இருமடங்கு வேகத்தில் சுற்றி ரப்பரைக் கருக்கிவிடும். கருகிய ரப்பர் பளபளப்பாகவோ பிசுபிசுப்பாகவோ தெரியும், அதன்மேல் எதுவும் பிடிக்காது. நன்றாகச் சுரண்டிய பரப்பு பளபளப்பின்றி, மெல்லிய வெல்வெட் துணிபோல் ஒரே சீராக இருக்கும். அதைத் துடைத்தபின் யாரும் விரலால் தொடக் கூடாது, வியர்வையின் எண்ணெய்ப்பசையே போதும் ஒட்டலைக் கெடுக்க. சொல்யூஷன் காயும்முன் ரப்பரை அடைக்க அவசரப்படுகிறாரா என்று பாருங்கள். ஊதிக் காயவைப்பதும் நல்லதன்று, வாய்க்காற்றின் ஈரம் பரப்பில் படியும். அடைத்த ரப்பருக்குள் காற்று சிக்காதபடி உருளையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். வேலை முடிந்து ஆறியபின் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் உடனே மறைய வேண்டும். தடம் நின்றால் ரப்பர் வேகவில்லை. கேஸ் டார்ச்சை நேராகக் காட்டிச் சூடாக்க முனைபவரிடமிருந்து டயரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவு வேலைக்கும் தகுதியான சேதம் எது என்பதில் தொழிலில் உள்ளவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பட்டனின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகப் போயிருந்தால் நான் செதுக்குவதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் போயிருந்தால், டயரில் மீதமுள்ள பட்டன் உயரம் அதிகமாகவும், சேதம் ஓரிரு பட்டன்களோடும் இருந்தால் நிரப்பச் சொல்வேன். இது சட்டம் அல்ல, என் கணிப்பு. பாதி தேய்ந்துபோன டயரில் ஒரு பட்டனை மட்டும் முழு உயரத்துக்கு நிரப்பினால் அந்த ஒன்றே எல்லா அடியையும் வாங்கிச் சீக்கிரம் பிய்யும். அப்படி நிரப்புவதாக இருந்தால் பக்கத்துப் பட்டன்களின் உயரத்துக்கே சீவிவிட வேண்டும். அடுத்தடுத்துப் பல பட்டன்கள் போய்விட்ட, ஆனால் உடல் கெடாத டயர் என்றால் ஒவ்வொன்றாக நிரப்புவது வீண்செலவு. பழைய உடலின் மேல் புதுப் பட்டன்கள் அமைக்கும் ரீட்ரெடிங்கை முழுதாகச் செய்வதையோ புது டயரையோ எண்ணிப் பார்க்கலாம்.

நீங்கள் குறிப்பிட்ட அடிவெடிப்புகளைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும், ஏனெனில் கல் வெட்டைவிட எனக்கு அவைதாம் அதிக ஐயத்தைத் தருகின்றன. மயிரிழைபோல் வலைப்பின்னலாகப் பரவி, நகம் மாட்டாத அளவுக்கு மேலோட்டமாக இருந்தால் அவை வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ஏற்படுத்தியவை. வயதின் அடையாளம் அது. டயரை உடனே கைவிட வேண்டியதில்லை, நிரப்பவும் முடியாது. அதற்கு மாறாக, பட்டனும் பள்ளமும் சேரும் மூலையில் ஒரே கோடாக ஓடி, பட்டனைக் கையால் பக்கவாட்டில் தள்ளும்போது வாய் திறக்கும் வெடிப்பு களைப்பினால் உண்டாவது; பட்டன் தொடர்ந்து வளைந்து வளைந்து அந்த மூலையில் ரப்பர் சோர்ந்துபோயிருக்கிறது. அது வளர்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. வெடிப்பின் இரு முனைகளிலும் வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளி வைத்து, தேதியை எழுதிக்கொள்ளுங்கள். வேலைக் காலம் முடிந்தபின் வெடிப்பு புள்ளியைத் தாண்டியிருந்தால் அது வளரும் வெடிப்பு. கம்பியை விட்டுப் பார்த்து நூலை நெருங்குவதாகத் தெரிந்தால் கழற்றி உள்ளே பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. டயருக்குக் கறுப்புப் பாலிஷ் பூசுவதை நான் விரும்பாததற்குக் காரணமும் இதுவே: வெடிப்பு அதனால் மறைகிறது, நின்றுவிடுவதில்லை. டயரின் வயதை அறியப் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கிறதா என்று தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

நூல் தெரிந்தால் என்ன செய்வது? நூலின் மேல் உரசல் மட்டும், ஒரு இழையும் அறவில்லை என்றால், அந்த இடத்தைச் சுரண்டி ரப்பர் நிரப்பி மூடுவது அவசியம். திறந்துகிடந்தால் ஈரமும் மணலும் நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள பிணைப்பைக் கெடுத்துக்கொண்டே போகும், கம்பிப் பட்டையுள்ள ரேடியலாக இருந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும். நூல் அறுந்திருந்தால் வெளியே நிரப்புவதோடு உள்ளே நூலடுக்கு வைத்த பேட்ச் போட வேண்டும். எவ்வளவு பெரிய காயத்துக்கு எந்த அளவுப் பேட்ச் என்பதைப் பேட்ச் தயாரிப்பாளரின் அட்டவணைதான் சொல்லும். குறுக்கு நூல் டயருக்கான பேட்சும் ரேடியலுக்கான பேட்சும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக ஆகா. டியூப் உள்ள டயரில் பஞ்சரை மட்டும் ஒட்டிவிட்டு, உடலில் உள்ள ஓட்டையை அப்படியே விட்டால், அதன் விளிம்பு டியூபை அரித்து அதே இடத்தில் மறுபடி பஞ்சர் ஆக்கும். டியூப் இல்லாத டயரில் வெளியிலிருந்து செருகும் திரி வயலிலிருந்து வீடு வந்து சேர்வதற்கானது. அதை நிரந்தர வேலையாகக் கருதக் கூடாது. பக்கச்சுவரில் நூல்வரை இறங்கிய வெட்டு பற்றி இங்கே நான் எந்த வீட்டு வைத்தியமும் சொல்லப்போவதில்லை. டயரில் மிக அதிகமாக மடங்கி விரியும் பகுதி அதுவே. அதைக் கழற்றிப் பார்த்த தேர்ந்தவர் சொல்லட்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சில வரிகள், இவற்றில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. மேலோட்டமாகச் செதுக்குவதற்கு டயரைக் கழற்ற வேண்டாம். ஆனால் நூலை நெருங்கும் எந்த வேலைக்கும் முன்பு வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை நீட்ட வேண்டாம், அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து, மற்ற சக்கரங்களுக்கும் ஆப்பு வையுங்கள். எடைக்காகத் தண்ணீர் நிரப்பிய பின்சக்கரம் பல நூறு கிலோ இருக்கும். அதைத் தனியாளாகச் சாய்க்க முயல்வது உயிரோடு விளையாடுவது. தண்ணீரோடு கால்சியம் குளோரைடு கலந்திருந்தால் அது ரிம்மையும் கம்பி நூலையும் அரிக்கும், சேதத்தின் வழியாகக் கசிகிறதா என்று பாருங்கள். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் வெல்டிங் வைப்பதும் நெருப்புக் காட்டுவதும், காற்று இறக்கியிருந்தாலும், டயர் வெடிக்கக் காரணமாகும்; உள்ளே ரப்பர் சிதைந்து எரியும் வாயு உண்டாகி, நெருப்பை எடுத்துச் சற்று நேரம் கழித்தும் வெடித்திருக்கிறது. மறுபடி மாட்டும்போது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும்வரை காற்றை ஏற்றிக்கொண்டே போகும் பழக்கமும் ஆபத்தானது. காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. எட்டியும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி தொடங்க வேண்டும். காற்று ஏற்றும்போது டயருக்கு நேர் எதிரே நிற்காமல், நீண்ட குழாயை வைத்துக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள். மாட்டும் திசைக்குப் பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கும்.

செதுக்கி முடித்தபின் அதே சேதம் திரும்ப வராதிருக்க இரண்டு விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன, காற்றழுத்தமும் வழுக்கலும். அளவுக்கு மேல் காற்று ஏற்றிய டயர் கல்லின் மேல் ஏறும்போது வளைந்துகொடுக்காமல் விறைத்து நின்று வெட்டு வாங்கும். அளவுக்குக் குறைவாக இருந்தால் பக்கச்சுவர் மடங்கி, பட்டன் அடிவெடிப்பு அதிகமாகும். எத்தனை பி.எஸ்.ஐ. என்று நான் ஒரு பொது எண் சொல்வது சரியாகாது, ஏனெனில் அது டயரின் அளவையும் அதன்மேல் வரும் எடையையும் வேகத்தையும் பொறுத்து மாறும்; தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வையுங்கள். வழுக்கலை நீங்களே அளக்கலாம். டயரில் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்று சுற்ற வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே வயலில் கலப்பையை இறக்கி இழுக்கும்போது பத்துச் சுற்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். முதலாவது 45 மீட்டர், இரண்டாவது 40 மீட்டர் என்றால் வழுக்கல் ஏறக்குறைய 11 சதவீதம். மண்ணைப் பொறுத்து 8 முதல் 15 சதவீதம் வரை இயல்பானது. அதற்கு மேல் போனால் பட்டன் மண்ணைப் பிடிக்காமல் கல்லின் மேலும் அடித்தட்டையின் மேலும் அரைபடுகிறது. ஆழத்தைக் குறைத்தோ எடையைச் சேர்த்தோ அதைக் கீழே கொண்டுவர வேண்டும். அறுவடைக்குப் பின் விறைத்து நிற்கும் சோளம், பருத்தி போன்றவற்றின் அடித்தட்டைகள் உள்ள வயலில் சக்கரம் வரிசைகளுக்கு இடையே ஓடும்படி அகலத்தைச் சரிசெய்து ஓட்டினால் வெட்டுகள் கணிசமாகக் குறையும்.

செதுக்கிய பட்டனை முதல் சில நாள் வேலைக்குப் பிறகு ஒருமுறை கழுவிப் பாருங்கள். செதுக்கிய சரிவு வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அந்தப் பட்டனில் இனிச் செய்ய எதுவும் இல்லை. சரிவின் அடியில் புதிதாக ஒரு கோடு தோன்றியிருந்தால் முதல் வெட்டின் நுனி முழுதாக அகலவில்லை என்று பொருள். நூலுக்கு மேல் ரப்பர் மீதமிருக்கும் பட்சத்தில் இன்னும் சிறிது செதுக்கலாம், இல்லையென்றால் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அடிவெடிப்பின் ஆழத்தைக் கம்பியால் பார்த்தபின் அளவையும், டயர் ரேடியலா குறுக்கு நூலா என்பதையும் எழுதினால் அதைப் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.